மஞ்சள் சிவந்த அப்பம்

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது எங்கள் ஊரில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். கல்யாண வீட்டு வாசலில் ஆலாத்தித் தட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். நான் இன்னும் ஒரு படி மேலே போய், மஞ்சள் எங்கே சிவந்தாலும் அங்கே சுண்ணாம்பு இருக்கிறது என்று முடிவு கட்டினேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்கச் சில வருடங்கள் இருந்தன. அந்த முடிவை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் ஒரு பாதகமும் வந்திராது. ஆனால் வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குக் கைவராத கலை.

கண்டதையும் நக்கிப் பார்ப்பது என்னுடைய இன்னொரு குணம். சிலேட்டுப் பென்சில், சுவரில் உரிந்த வெள்ளை, அடுப்புச் சாம்பல், மழைக்குப் பிந்திய வாவித் தண்ணீர், மழைக்கு முந்திய வாவித் தண்ணீர் என்று எல்லாவற்றின் உருசியும் எனக்கு அத்துப்படி. "இவள்ற நாக்கில ஒருநாளைக்குச் சூடு வைக்கப்போறன்" என்று அம்மா கிழமைக்கு ஒரு தடவையாவது சொல்வார். வைத்ததில்லை.

சின்னம்மாவின் வளவு எங்கள் வளவுக்கு அடுத்தது. நடுவே வேலி இருந்தது என்று பெயர்தான். நானும் கோழிகளும் போய்வந்து அதில் ஒரு வாசலே உண்டாகியிருந்தது. சின்னம்மா விடியப்புறம் அப்பம் சுட்டு விற்பார். சித்தப்பாவின் தோணி எப்போதோ வாவியில் தொலைந்து போனதால் அவர் மற்றவர்களுக்குக் கிழிந்த வலை பொத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதில் கிடைப்பது வெற்றிலைக்கே காணாது. வீட்டில் அடுப்பு எரிந்தது அப்பத்தால்தான்.

அப்பம் என்றால் அந்த நாளில் கள்ளு விட்டுப் புளிக்கவைத்த அப்பம். கள்ளுச் சேராத அப்பத்தை எங்கள் ஊர்ப் பெண்கள் அப்பம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சின்னம்மாவின் மாப் பானைக்குப் பக்கத்திலும் ஓலை அடைத்த கள்ளுப் போத்தல் ஒன்று எப்போதும் நிற்கும். எனக்கு அந்தப் போத்தலில் ஒரு சந்தேகம் இருந்தது. அதை ஒருமுறை முகர்ந்து பார்த்திருந்தேன். தேங்காய்த் தண்ணீர் வாசந்தான் வந்தது. ஆனால் வாசத்தைப் பற்றி நான் அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. என் நம்பிக்கை எல்லாம் நாக்கில்.

ஒருநாள் காலை அம்மா அம்மியில் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தார். சின்னம்மா அனுப்பிய அப்பத்தை நான் நீட்ட, அரைத்த கையாலேயே ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். மிச்ச அப்பம் என் கையில் இருந்தது. அம்மாவின் விரல் பட்ட இடத்தில் மஞ்சள் அடையாளம் மெல்ல நிறம் மாறி, கொஞ்ச நேரத்தில் செங்கல் நிறத்துக்கு வந்தது. எனக்குச் சாப்பாடு மறந்து போயிற்று. பழஞ்சோற்றில் மஞ்சளைத் தொட்டு வைத்தேன், மஞ்சளாகவே கிடந்தது. பிட்டில் வைத்தேன், அப்படியே. அம்மாவின் வெற்றிலைத் தட்டத்திலிருந்த கிளாச்சியிலிருந்து சுண்ணாம்பு திருடி அதில் வைத்தேன், சிவந்தது. இரண்டு நாள் இந்த ஆராய்ச்சி நடந்தது. ஊரில் உள்ள தீன்பண்டங்களில் சின்னம்மாவின் அப்பம் மட்டுமே சிவந்தது.

மூன்றாம் நாள் உள்ளங்கையில் மஞ்சளை வைத்துக்கொண்டு சின்னம்மாவிடம் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அறிய வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான். அடுப்பைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் பெட்டிகளோடு நின்றார்கள்.

"சின்னம்மா, நீங்க அப்பத்துக்குச் சுண்ணாம்பு போடுறயளா?" என்று கேட்டேன்.

கேட்டதோடு நிற்காமல், இறக்கி வைத்த அப்பத்தில் மஞ்சளைத் தடவிக் காட்டவும் செய்தேன். அன்று மஞ்சள் வழக்கத்தைவிட நன்றாகச் சிவந்தது. தபால்காரர் பெண்சாதி குனிந்து பார்த்தார். அவருடைய சொல்லுக்கு ஊரில் மதிப்பு அதிகம்.

"என்னகா இது? ரெண்டு நாளா என்ர சின்னவன் வயித்தப் புடிச்சிக்கொண்டு கிடக்கான்" என்றார்.

சின்னம்மா அப்பச் சட்டியை வெறுமனே சுழற்றிக்கொண்டிருந்தார். தபால்காரர் பெண்சாதி பெட்டியிலிருந்த அப்பங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுளகில் திரும்ப வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். அடுத்த நாள் ஒருவரும் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் சின்னம்மா புளித்துப் பொங்கிய மாவைக் கொண்டுபோய் வாழையடியில் ஊற்றியதை வேலியால் பார்த்தேன். அன்று அவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அம்மா என்னை ஈர்க்குக் கட்டால் அடித்தார். வாழ்க்கையில் வாங்கிய அடிகளுள் நியாயமானது அது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அன்று பின்னேரம் சின்னம்மாதான் என்னைக் கூப்பிட்டார். கோபம் இல்லை. முகட்டு வளையில் செருகியிருந்த தகரப் பேணியை எடுத்து, அதற்குள்ளிருந்த கடதாசிச் சுருளைப் பிரித்தார். காத்தான்குடியிலிருந்து பிடவை விற்க வரும் வியாபாரி நானாவிடம் சொல்லி வாங்கியதாம். உள்ளே மிக வெள்ளையாக, அரிசி மாவைவிட மென்மையாக ஒரு தூள்.

"நாக்க நீட்டு" என்றார்.

ஒரு சிட்டிகை வைத்தார். முதலில் உப்பு. பிறகு ஒரு மெல்லிய கசப்பு. அதற்குப் பிறகு, குளிக்கும்போது வாய்க்குள் போன சவர்க்காரத்தின் உருசி. கடைசியில் நாக்கு வறண்டு, அது என்னுடைய நாக்கே அல்லாதது போலக் கிடந்தது. நான் அதுவரை கண்டறியாத ஒன்று. இன்னொரு சிட்டிகையை ஒரு சிரட்டையில் போட்டு, தேசிக்காயைப் பிழிந்தார். தூள் சீறிக்கொண்டு நுரைத்து எழும்பியது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அம்மா அடித்த அடியெல்லாம் மறந்துவிட்டது.

"இது அப்பச்சோடா. இதுக்குள்ள சுண்ணாம்பு இல்ல புள்ள" என்றார்.

அது உண்மைதான். பிற்காலத்தில் நான் ஆசிரியையாகி, பிள்ளைகளுக்கு இதையே விளங்கப்படுத்தியிருக்கிறேன். அப்பச்சோடா ஓர் உப்பு, மெல்லிய காரம். புளிப்பைக் கண்டால் காற்றை விடும், சூட்டைக் கண்டாலும் விடும். சோடாப் போத்தலைத் திறக்கும்போது மூக்கில் ஏறுகிற அதே காற்றுத்தான் அப்பத்தையும் பொங்கவைக்கிறது. அளவு கூடினால் காரம் மிஞ்சி நிற்கும். மஞ்சளுக்கோ சுண்ணாம்பு, சோடா, சவர்க்காரம் என்ற பேதம் கிடையாது. எந்தக் காரத்தைக் கண்டாலும் அது சிவக்கும்.

"அப்ப ஏன் கள்ளு விடுறயளில்ல?" என்று கேட்டேன்.

சின்னம்மா சுருளை மடித்தார். முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த சித்தப்பாவை ஒருமுறை பார்த்தார்.

"சித்தப்பாவுக்குக் கள்ளு வாசம் பட்டாத் தலையிடிக்கும். அதுதான். நீ ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத, என்ன?"

நான் தலையாட்டினேன். நம்பவும் செய்தேன். சித்தப்பா ஒரு காலத்தில் கள்ளுக்கு அடிமையாக இருந்ததும், அந்த வெறியில்தான் தோணியைத் தொலைத்ததும், கண்ணகி அம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்து, இனித் தொடுவதில்லை என்று சத்தியம் செய்ததும் அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் மட்டும் தெரிந்த கதை. தோணி காற்றில் போனதாகத்தான் ஊர் நம்பியிருந்தது. புருஷனின் மானம் காப்பதற்காகச் சின்னம்மா இரண்டு வருடமாகக் கள்ளுப் போத்தலில் தேங்காய்த் தண்ணீரை நிரப்பி வைத்துக்கொண்டிருந்தார். இவ்வளவையும் நான் அறிந்தது வளர்ந்து பெரியவளான பிறகு.

அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என்னால் சின்னம்மாவுக்கு வந்த பழியை நானே துடைக்க வேண்டும். அதற்கான அத்தாட்சியும் பேணிக்குள் இருந்தது. மறுநாள் ஒரு சிட்டிகை சோடாவைத் திருடி, ஒரு தேசிக்காயையும் எடுத்துக்கொண்டு, நேரே தபால்காரர் வீட்டுக்குப் போனேன். சிரட்டையில் நுரை எழுப்பிக் காட்டினேன். மஞ்சளைச் சிவக்கவைத்துக் காட்டினேன். சுண்ணாம்பு இல்லை, சோடாதான் என்று நிறுவினேன். கள்ளு வாசம் சித்தப்பாவுக்குத் தலையிடி என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாவிட்டால் நிரூபணம் முழுமையாகாது என்று எனக்குப் பட்டது.

தபால்காரர் பெண்சாதி விழுந்து விழுந்து சிரித்தார். "கள்ளு வாசத்துக்குத் தலையிடிக்கிற ஆம்பிளைய இப்பதான்கா கேள்விப்படுறன்!"

அவர் மனது நல்ல மனது. அன்றைக்கே நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு சின்னம்மாவிடம் வந்து, பிழையாக நினைத்துவிட்டோம், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். பிறகு சொன்னார்:

"ஆனா சோடா வேணாம், புள்ளையளுக்கு வயித்துக்கு ஒத்துவராது. எங்கட வளவுக்க கள்ளுச் சீவுறாங்கதானே. பின்னேரத்தில ஒரு போத்தல் நானே கொண்டந்து மாவுக்க ஊத்திப்போட்டுப் போறன். உன்ர புருசனுக்குத் தலையிடி வராது."

சத்தம் கேட்டு வந்து நின்ற அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சின்னம்மா கண்ணால் மறித்தார். பிறகு, "சரி அக்கா" என்றார். வேறு என்ன சொல்ல முடியும்? சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

அடுத்த நாளிலிருந்து கள்ளு வந்தது. மா பானை வாய்வரை பொங்கியது. பெண்கள் திரும்ப வந்தார்கள். தினமும் ஓர் அப்பத்தில் மஞ்சளைத் தடவிப் பார்த்து, சிவக்கவில்லை என்று எல்லோருக்கும் அறிவித்தேன். ஒரு குடும்பத்தையே காப்பாற்றிவிட்டதாக எனக்குள் பெரிய எண்ணம்.

இரண்டு கிழமை போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், தபால்காரர் பெண்சாதி விருந்தாட்கள் வந்திருப்பதாகச் சொல்லி, போத்தலை என்னிடம் தந்துவிட்டார். சின்னம்மா கோயிலுக்குப் போயிருந்தார். சித்தப்பா முற்றத்தில் வலையை விரித்துக்கொண்டு இருந்தார்.

"இதச் சின்னம்மாட்டக் குடுங்க சித்தப்பா" என்றேன்.

அவர் கையை நீட்டவில்லை. "அங்கால வை. தூர வை" என்றார்.

"கோழி தட்டி ஊத்திப்போடும், சித்தப்பா."

அவர் வலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய இரண்டு கையையும் நானே பிடித்து விரித்து, போத்தலை அதற்குள் வைத்துவிட்டு, பொறுப்பாக ஒரு வேலை முடித்த நிம்மதியோடு விளையாட ஓடினேன்.

சின்னம்மா கோயிலால் வந்து, அவசரத்தில் அந்தப் போத்தலை மாவில் ஊற்றியிருக்கிறார். அதற்குள் இருந்தது அரிசி கழுவிய தண்ணீர்.

மறுநாள் காலை நான் போனபோது பானையில் மா நேற்றிருந்த மட்டத்திலேயே கிடந்தது. அதை ஊற்றிச் சுட்டால் ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. பெண்கள் வரும் நேரம். அப்போது சித்தப்பா படலையைத் திறந்துகொண்டு எங்கிருந்தோ வந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதே இல்லை. "என்ர கிளி!" என்று என்னைத் தூக்கித் தோளில் இருத்தி, முற்றம் முழுக்கச் சுற்றிச் சுற்றி ஆடினார், ஒரு பாட்டும் பாடினார். எனக்கு அவரை அன்றுதான் மிகவும் பிடித்துப் போயிற்று. இவ்வளவு நல்ல மனுசன் இத்தனை நாளும் ஏன் வாயே திறக்காமல் இருந்தார் என்று யோசித்தேன்.

தோளின் மேலிருந்து பார்த்தபோது, சின்னம்மா அடுப்புக்கு முன்னால் முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. ஒருநாளைக்கு அப்பம் பொங்காததற்கு யாராவது இப்படி அழுவார்களா?