உருளை கிடக்கிற நிலம்

பிள்ளைகளே, உங்க அம்மாவும் நானும் பாலசமுத்திரத்தில் இருந்து கொடைக்கானலுக்கு ஏறியது ஐம்பதுகளின் கடைசியில், ஒரு தை மாசம். மதுரைக்காரர் ஒருவருடைய பங்களாவுக்கு நான் காவல்காரன். எங்க அறையை ஒட்டி ஒரு துண்டு நிலம் புல் மண்டிக் கிடந்தது. முதலாளி ஊருக்குக் கிளம்பும்போது, "சீசனுக்கு சித்திரையில வருவேன். அதுவரைக்கும் ஏதாச்சும் போட்டுக்கோ. சும்மா கெடந்தா கார் நிறுத்த ஒரு செட் கட்டிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா தோட்டத்திலேயே வளர்ந்தவள். அன்றைக்குச் சாயங்காலம் என்னிடம் சொன்னாள்: "என்னங்க, இந்த எடமும் இல்லேன்னா நான் எங்கப்பா வீட்டுக்கே போயிருவேன். பூட்டுன பங்களாவ எத்தனை நாளு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறது?" விளையாட்டுப் பேச்சில்லை. துணிப் பெட்டியை அவள் இன்னும் பிரிக்கவே இல்லை.

புல்லைக் கொத்தி எடுத்து, மாசி பிறந்ததும் ஊரில் செய்வது போலவே வெண்டையும் கத்தரியும் போட்டோம். வெயில் தாழ்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினோம். வெண்டை இரண்டு இலை விட்டது. ஒருநாள் காலையில் பார்த்தால் பாத்தி முழுக்க உப்புத் தூவினது போல வெள்ளையா உறைபனி. வெயில் ஏறினதும் இலையெல்லாம் கருத்துச் சுருண்டுவிட்டது.

வில்பட்டியில் இருந்து ஒரு பெண் பங்களாவுக்கு விறகு கொண்டு வருவாள். அம்மா வயசுதான். பாத்தியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏன் மதினி, வெண்டைக்கு ஒரு கம்பளி வாங்கிப் போத்தலாம்ல? அண்ணன் வாங்கித் தர மாட்டாராக்கும்?"

"கம்பளி இருந்தா மொதல்ல நான் போத்திக்குவேன். நீங்க சிரிக்காம, எது வரும்னு சொல்லுங்க."

"முள்ளங்கி தூவுங்க, வெரசா வந்துரும். பீன்ஸு ஊணுங்க. மிச்ச எடத்துல உருளை. தண்ணிய மட்டும் வெள்ளனே ஊத்துங்க. பொழுதுசாய ஊத்துனா எலை மேலயே ஒறஞ்சு போவும்."

பங்குனியில் மறுபடி தொடங்கினோம். புதுசாத் தோட்டம் போடுகிறவர்களுக்கு இந்த மூணும் போதும் என்று நானும் சொல்வேன். முள்ளங்கியை நெருக்கித் தூவாதீங்க. நெருங்கி முளைத்ததைப் பிடுங்கிக் கீரையாக் கடையுங்க. பீன்ஸை ஒரு விரக்கடை ஆழத்தில் ஊன்றி, கொடி வீசும் முன்னே குச்சி நட்டுவிடுங்க. உருளையைக் கண் இருக்கும்படி வெட்டி, வெட்டின இடத்தில் சாம்பல் தொட்டுப் புதைங்க. செடி உயர உயர மண் அணைக்கணும். காரட் மட்டும் முதல் வருஷம் வேண்டாம். கல் பொறுக்காத மண்ணில் அது கால்சட்டை மாட்டினது போல இரண்டாப் பிரிந்துவிடும்.

முள்ளங்கி முளைத்த அன்றைக்கு அம்மா பெட்டியில் இருந்து ஒரு புடவையை மட்டும் எடுத்துத் துணிக்கொடியில் போட்டாள்.

சித்திரையில் முதலாளி வந்தார். முள்ளங்கியில் பாதியைச் சாப்பிட்டாகிவிட்டது. பீன்ஸ் பூவில் நின்றது. அவர் காலடி வைத்து இடத்தை அளந்துகொண்டே வந்தார். கார் செட்டுக்குத்தான் அளக்கிறார்.

"இது என்னப்பா, வெறும் எலையா நிக்குது?"

"உருளைங்க."

"எப்ப எடுப்ப?"

எனக்குப் பின்னால் இருந்து அம்மா சொன்னாள்: "ஆடி ஆயிருங்க. இப்பத் தோண்டினா கோலிக்குண்டுதான் கெடைக்கும். மதுரைக்கு ஒரு மூட்டை அனுப்பலாம்னு இருந்தோம்."

அவர் சிரித்தார். "அப்பச் சரி. கெழங்கு கெடக்கிற வரைக்கும் கை வைக்கல. எடுத்துட்டுச் சொல்லியனுப்பு."

சொன்னபடி மூட்டை போயிற்று. ஆனால் உருளை எடுத்த பாத்தியில் அன்றைக்கே அம்மா பட்டாணி ஊன்றிவிட்டாள். "மூட்டையோட போற ஆளு உருளை எடுத்தாச்சுன்னு சொல்லட்டும். கூடவே பட்டாணி ஊணியாச்சுன்னும் சொல்லச் சொல்லுங்க" என்றாள். பட்டாணி முடியும் முன்னே நூக்கல் நாற்று தயார். அந்த நிலம் சும்மா கிடந்த நாளே இல்லை.

முதலாளிக்கும் அலுத்துப்போயிருக்கணும். மறு வருஷம் கார் செட் வாசல் கேட்டுப் பக்கம் எழும்பியது. சுவர் பூசி முடித்த அன்றைக்கு அம்மா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"என்னங்க, அந்தச் செவுத்தோரம் நல்ல வெயில் விழுது. அங்க ஒரு அவரை போடலாமான்னு மொதலாளிகிட்டக் கேளுங்களேன்."