சரக்கு லிஃப்டில் கேட்ட சிறைப் பாட்டின் கதை

தொண்ணூறுகளின் நடுவில் ஆக்லாந்தின் விரி பகுதியில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். சென்னையில் நான் பாலம் கட்டும் இன்ஜினியர். அந்தப் பட்டத்தைக் காட்டித்தான் விசா கிடைத்தது. ஆக்லாந்தில் இறங்கிய பிறகு அதை ஒருவரும் மதிக்கவில்லை. ஊரிலிருந்த அப்பாவுக்கோ, இங்கேயும் பாலம்தான் கட்டுகிறேன் என்று எழுதியிருந்தேன். ஒரு கடிதத்தில் சொன்ன பொய்க்காக அடுத்த கடிதத்திலும் பொய் சொல்ல வேண்டியிருந்தது. திரும்பிப் போகவும் முகமில்லை.

என்னோடு வேலை செய்தவர் மன்னார்க்காரர், பத்து வயது மூத்தவர். சின்ன வயதிலேயே வானொலி கேட்டுக் கேட்டு அமெரிக்கக் கன்ட்ரி பாட்டுப் பைத்தியம் பிடித்தவர். எந்தப் பாட்டு எங்கே பதிவானது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஒரு மத்தியானம் நாங்கள் ஏறிய சரக்கு லிஃப்ட் இரண்டு தளங்களுக்கு நடுவே நின்றுவிட்டது. மெக்கானிக் வர இரண்டு மணி நேரமாகும் என்று மேலிருந்து கத்தினார்கள். நான் கம்பிக் கதவைப் பிடித்து உலுக்கினேன்.

"இரும் தம்பி. ஒரு கதை சொல்லுறன்," என்று அவர் பெட்டிமேல் உட்கார்ந்தார்.

அமெரிக்காவில் பெயர்பெற்ற ஒரு பாடகர் சிறைக்குள்ளேயே போய்க் கைதிகளுக்குப் பாடி, அதை இசைத்தட்டாக்கினாராம். பாடுவதற்கு முந்தின நாள், அந்தச் சிறைக்கு வந்துபோகும் ஒரு பாதிரியார் அவரிடம் ஒரு டேப்பைக் கொடுத்தார். கைதி ஒருவன் எழுதிய பாட்டு. பாடகர் உடனே அதை மனப்பாடம் பண்ணிவிட்டார்.

"பாட்டு எழுதின மனுசன் முன்வரிசையில இருக்கிறான். அவனுக்கு ஒண்டும் தெரியாது. திடீரெண்டு இவர் அவன்ர பாட்டைப் பாடுறார்!" சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது.

"அப்புறம் அவன் வெளியே வந்தானா அண்ணே?"

"ஓம். அந்தப் பாடகரும் அவனுக்காக நிறையப் பாடுபட்டவர். ஆனா வெளியில அவனுக்குச் சரிவரேல்ல. கொஞ்ச வருசத்தில செத்துப்போனான்."

"இதைப் போய் இப்பவா சொல்றீங்க?"

கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே, மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லாத கடிதப் பொய்யை அவரிடம் கொட்டிவிட்டேன்.

அவர் புத்தி சொல்லவில்லை. "உம்மட அப்பாவுக்கு எத்தினை வயசு?" என்று மட்டும் கேட்டார்.

"எழுபத்தொண்ணு."

"அப்ப உண்மையைக் கெதியா எழுதும். நாள் கடத்தாதையும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்குரங்காவில் இருந்த எங்கள் வீட்டில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, எல்லாவற்றையும் அப்பாவுக்கு எழுதினேன். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. மழை பெய்ததையும் அத்தைக்குக் கண் ஆபரேஷன் நடந்ததையும் எழுதியிருந்தார். என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பிறகு வந்த எந்தக் கடிதத்திலும் இல்லை. கிடங்கில் இன்னும் மூன்று வருடம் இருந்தேன், பொய் எழுதாமல்.