கைபிடியில்லாத ஒன்பது படிகள்

யோகலிங்கத்தை நோர்வேயின் ரொம்சோஸில் தெரியாத தமிழர் இல்லை. கூலிக்காரச் சின்னப்பொடியின் கடைசி மகன், புஷ்பமலரின் புருஷன். ஒஸ்லோவுக்குக் கிழக்கே உள்ள பழைய நீதிமன்றத்தின் வாசலைப் பதினெட்டு வருடம் கழுவித் துடைத்த மனிதர்.

ஒன்பது கருங்கல் படி, இரண்டு தூண், வளைவின் உச்சியில் ஒரு சிங்கமுகம், இரும்பாணி அறைந்த கதவு. மூன்றாம் படி நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும். அதில் தண்ணீர் நின்று உறையும். பிடித்து ஏற இரு கரையிலும் ஒன்றுமில்லை. பழங்காலக் கட்டிடமாம், ஒரு கம்பிகூடப் பூட்ட விடமாட்டார்களாம்.

2005 மார்கழியில் அந்த மூன்றாம் படிதான் அவரை விழுத்தி இடுப்பை முறித்தது. துப்புரவுக் கொம்பனிக்காரன் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடுதாசியோடு வந்தான். பெரியவர்களைக் காக்கவைத்து வாசிக்கிற பழக்கம் யோகலிங்கத்துக்கு ஏது? ஓம், ஓம் என்று கையெழுத்துப் போட்டார். பிறகுதான் மகள் ஹம்சத்வனி வாசித்தாள்: 'கைபிடியைப் பிடிக்காமல், கவனக்குறைவாக இறங்கி விழுந்தார்.' அன்று ஏறிய கோபம் இறங்கவேயில்லை. அந்த வரியை அழிக்கத்தான் கொம்பனி மேல் வழக்கே போட்டார்.

பதினான்கு மாதம் கழித்து, கொட்டுகிற பனியில், அந்த வழக்கின் விசாரணைக்காக, அதே வாசலில் இரண்டு ஊன்றுகோலோடும் மகளோடும் வந்து நின்றார்.

காவலாளி, "குப்பை வண்டி நிற்கும் பின்வாசலால் வாருங்கள்" என்றான்.

"அப்பா, பின்னாலை ஹைஸ் இருக்காம். அந்த லிப்டிலை சுகமாப் போகலாம். ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்! வெள்ளாமைக்காரர் வீட்டுப் பின்படலையிலை கூலிக்கு நிண்டது என்ரை ஐயாவோடை முடிஞ்சுது. நீ தடியைப் பிடி."

கருங்கல்லில் குந்தி, கையை ஊன்றி, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக ஏறினார். களிசானின் பின்புறமெல்லாம் நனைந்தது. ஒன்பதாம் படியில் அவருக்கு மூச்சு வாங்கியபோது, கழுத்துச் சால்வையோடு ஒரு பெண் பக்கத்தால் தட்டுத்தடுமாறி ஏறிப்போனாள். உள்ளே போனால் நீதிபதியே அவள்தான்.

கொம்பனி வக்கீல் அந்தக் கடுதாசியை நீட்டி முழக்கி வாசித்தான். 'கைபிடியை' என்றதும் யோகலிங்கம் மேசையில் அடித்தார்.

"எந்தக் கைபிடி?" நோர்வேஜிய மொழியில்தான் கத்தினார். "அம்மா, நீங்களும் காலையில் அந்தப் படியால்தானே வந்தீர்கள். எதைப் பிடித்தீர்கள்?"

நீதிபதி பேனையை வைத்தாள். "எல்லோரும் வாசலுக்கு வாருங்கள்" என்றாள்.

சிங்கமுகத்தின் கீழே நின்று இரு பக்கமும் பார்த்தாள். "கைபிடி இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்" என்று எழுத்தரிடம் சொன்னாள். வக்கீல் நம்பாமல், வழுவழுத்த சப்பாத்தோடு படியில் இறங்கினான். மூன்றாம் படிக்குக் கிட்ட கால் சறுக்கி, அவன் கை வெறும் காற்றைத் துழாவியது.

"பிடியுமன் தம்பி," என்றார் யோகலிங்கம் தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு. "கைபிடியை நல்லா இறுக்கிப் பிடியும்!"