தாளிக்காத கீரை

எங்கள் அக்கா காஞ்சிபுரத்தில் பட்டு நெசவுக் குடும்பம் ஒன்றின் மூத்த மகளாகப் பிறந்தார். நான் நடை பழகும் முன்பே அம்மா காலமாகிவிட, பன்னிரண்டு வயதில் கரண்டியைக் கையில் எடுத்தவர், போன சித்திரை வரை அதைக் கீழே வைக்கவில்லை. அவர் மறைந்து ஓராண்டு நிறைகிற இன்று, உறவினர்களும் நண்பர்களும் வாசிக்க நாலு நல்ல வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை மட்டும் எழுதிவிட்டு எழுந்து போக என்னால் ஆகவில்லை.

கோடைச் சமையலில் அக்காவை மிஞ்ச ஆளில்லை. சுற்றுவட்டக் கிராமத்தார் தலைச்சுமையாகக் கொண்டுவரும் காய், வெயில் படுமுன் கைக்கு வரவேண்டும் என்று விடிவதற்குள் மார்க்கெட்டில் நிற்பார். "காம்புல பால் இன்னும் காயலபா, தொட்டுப் பாரு" என்று மாங்காயை என் மூக்கருகே நீட்டுவார். வெள்ளரிப்பிஞ்சுத் தயிர்ப் பச்சடி, மாங்காய் போட்ட பருப்பு, கீரை மசியல், நீர்மோர். அவ்வளவுதான், அரைமணியில் அடுப்பை அணைத்துவிடுவார். தறியிலிருந்து வியர்வையோடு எழுந்து வரும் அப்பா, மூன்று முறை சோறு கேட்பார்.

எனக்கு ஒன்பது வயதில் அம்மை போட்டது. அக்காவுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, அப்பா அன்றே அவரை முசரவாக்கத்து அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். முன்பே அம்மை கண்டவரான அத்தை என்னைப் பார்த்துக்கொள்ள இங்கே வந்தார். அம்மை இருக்கும் வீட்டில் தாளிக்கக் கூடாது. அத்தை கொடுத்த சப்பென்ற சோறு எனக்கு இறங்கவில்லை. மூன்றாம் நாள், முசரவாக்கத்திலிருந்து வரும் கீரைக்கார அம்மா, வாசல் வேப்பிலையைப் பார்த்துத் தெருவிலேயே நின்றார். ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன்.

"அக்கா வரலன்னா நான் செத்துடுவேன்னு சொல்லு. நான் சொன்னேன்னு வேற யார்கிட்டயும் சொல்லாத."

மறுநாள் காலை, அக்கா மடி நிறைய வெள்ளரிப்பிஞ்சோடு வந்து நின்றார்.

"ஏம்மா வந்த? யாரு உன்ன கூப்ட்டது?" என்று அப்பா கத்தினார்.

அக்கா என்னைப் பார்த்தார். "யாரும் கூப்புடல. மனசு கேக்கல, வந்துட்டேன்."

அவரும் தாளிக்கவில்லை. கீரையை உப்புப் போட்டு மசித்து, பிஞ்சைத் தயிரில் நறுக்கிப் போட்டு வாய்வாயாக ஊட்டினார். பாவி நான், ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய வாரமே அக்காவுக்கு அம்மை கண்டது. உயிர் தப்பியது, முகமெல்லாம் தழும்பு. பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மோர் குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு வரவே இல்லை.

"சொல்லச் சொல்லக் கேக்காம வந்து, உன் வாழ்க்கைய நீயே கெடுத்துக்கின" என்று அப்பா கண் மூடும்வரை சொன்னார். சொந்தபந்தங்களே, நீங்களும் சொன்னீர்கள். சொன்ன அத்தனை பேருக்கும் அக்கா இலை போட்டுப் பரிமாறினார். நானும் அந்தப் பந்தியில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் சாப்பிட்டேன்.

போன சித்திரையில் அவர் படுக்கையில் விழுந்தபோது, முதல்முறையாக நானே மார்க்கெட்டுக்குப் போய்க் கீரை வாங்கி மசித்தேன். ஒரு வாய் வாங்கியவர் சிரித்தார்.

"தாளிக்கலியாபா? இப்பதான் வீட்ல யாருக்கும் அம்மை இல்லியே."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "கடுகு எங்க இருக்குது?" என்றுதான் வந்தது. நாலாம் நாள் அவர் போய்விட்டார்.

அக்காவின் கடைசி நாட்களில் கூடவே இருந்த பக்கத்து வீட்டாருக்கும், தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்து தோள் கொடுத்த நண்பர்களுக்கும், நான் கேட்டுக்கொண்டபடி இன்றுவரை வாய் திறக்காத கீரைக்கார அம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உறவினர்களே, அக்கா சொல்பேச்சு கேளாமல் வரவில்லை. நான் கூப்பிட்டேன், வந்தார்.