கிருஷாந்த் சேர்ந்த கழகங்கள்

யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கிருஷாந்தை 'நேஷனல் பிளேயர்' என்றுதான் சொல்வார்கள். அவன் தேசிய அணிக்கு ஆடியதில்லை. தேசிய அணி ஆடியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறான். கொழும்புக்குப் போய்ப் பந்து உதைத்துச் சாப்பிட்டவன் அந்த லயத்து வீடுகளில் வேறு யாரும் இல்லாததால் பட்டத்தை யாரும் திருத்தவில்லை. அவனும் திருத்தவில்லை.

தோட்டத்து மைதானம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். கீழ்க் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஓடை. பந்து அதில் விழுந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. ஓடத் தெரிந்தவர்களை முன்னால் விட்டுவிட்டு, அகலமான உடம்புக்காரனான கிருஷாந்தை ஓடைப் பக்கம் நிறுத்தினார்கள். இப்படித்தான் அவன் பின்கள வீரன் ஆனான். அவன் திறமையைக் கண்டுபிடித்தது எந்தப் பயிற்சியாளரும் அல்ல, அந்த ஓடைதான்.

பள்ளிக்கூடம் முடிந்ததும், ரப்பர் பால் வெட்டப் போவதில்லை, கேகாலையில் ஒரு கழகம் கூப்பிடுகிறது என்று அப்பா கந்தையாவிடம் சொன்னான்.

"பந்த ஒதச்சா சம்பளம் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்கப்பா. இது புரொபெஷனல்."

அந்தச் சொல்லைக் கந்தையா வாய்க்குள்ளேயே உருட்டிப் பார்த்தார். ஏதோ துரைமார் வேலை போலிருக்கிறது என்று முடிவுகட்டி, கோயிலில் தேங்காய் உடைத்து மகனை அனுப்பிவைத்தார்.

அந்த வருஷமே கேகாலைக் கழகம் இரண்டாம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. மழைதான் காரணம் என்றார்கள். கிருஷாந்த் கொழும்பில் ஒரு கழகத்துக்குப் போனான். அதுவும் இறங்கியது. அங்கே நடுவர் காரணம். நீர்கொழும்புப் பக்கம் அவன் போய்ச் சேர்ந்த கழகத்துக்கு இறங்கும் சிரமம்கூட வரவில்லை. தலைவருக்கும் செயலாளருக்கும் சண்டை வந்து, பருவத்தின் நடுவிலேயே அது கலைந்துபோனது. பிறகும் மூன்று நான்கு கழகங்கள். எல்லாம் கீழ்நோக்கிய பயணங்கள்.

ஆனாலும் அவனுக்கு அழைப்பு வந்துகொண்டேயிருந்தது. இறங்கிய கழகத்தை விட்டு நல்ல ஆட்டக்காரர்கள் ஓடிவிடுவார்கள். அந்த இடத்துக்குச் சொந்தச் சப்பாத்தோடு வந்து நிற்கிற, காயம்படாத, கேள்வி கேட்காத ஆள் ஒருவன் தேவை. கிருஷாந்த் அதற்கென்றே பிறந்தவன். பந்து கிடைத்தால் உதைப்பான், கிடைக்காவிட்டால் பந்து வைத்திருப்பவனை உதைப்பான். வேகம் குறையக் குறைய இரண்டாவதுதான் அதிகம் நடந்தது. "அங்கிள், போலே எஹே" என்று சிங்களப் பையன்கள் வேலியோரம் நின்று, பந்து அந்தப் பக்கம் போய்விட்டதை அவனுக்கு அன்போடு தெரிவிப்பார்கள்.

இதற்கிடையில் கல்யாணம் ஆனது. மனைவி ஷாமிளா தையல் தொழிற்சாலையில் வேலை செய்தாள். அவன் ஆட்டத்தை ஒரே ஒரு தடவை பார்க்க வந்தாள்.

"அந்த நீலச் சட்டைக்காரன் பின்னாலயே ஓடினீங்களே, உங்ககிட்ட என்னமும் களவெடுத்துட்டானா?" என்று திரும்பும் பஸ்ஸில் கேட்டாள். பிறகு அவள் வரவில்லை.

கடைசியில் கேகாலைக்கே திரும்பி, கோல்டன் ரப்பர் விளையாட்டுக் கழகத்தில் சேர்ந்தான். அதன் தலைவர் மயில்வாகனம், பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். தொழில்முறை ஆட்டக்காரர்கள் வார நாட்களில் அவர் கடையில் சீமெந்து மூட்டை இறக்குவார்கள், ஞாயிற்றுக்கிழமை ஆடுவார்கள். தங்கள் கழகத்துக்குத் தனியாக உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை என்று மயில்வாகனம் கூட்டங்களில் பெருமையாகச் சொல்வார். பயிற்சியாளர் ஹஸீப் தலையைக் குனிந்துகொள்வார்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் தோற்றால் கழகம் இறங்கும், சமன் செய்தாலே தப்பிக்கும் என்ற நிலை. அதற்கு முன்தினம் முதலாளி கிருஷாந்தைக் கடையின் பின்பக்கம் கூப்பிட்டார்.

"நாளைக்கு மெட்ச்ச கொஞ்சம் பாத்துக்கடா."

"பாத்துக்கிறேன் முதலாளி. ஒருத்தனையும் விட மாட்டேன்."

"அதில்லடா. விட்டுரு."

கிருஷாந்துக்கு விளங்கவில்லை. முதலாளி விளக்கினார். எதிரணியை நடத்துபவர் ஊர் அரசியலில் பெரிய ஆள். ரோட்டு வேலைக்கான சீமெந்தை இவர் கடையில் எடுக்கப் பேச்சு நடக்கிறது. இந்த நேரத்தில் அவர் மனம் கோணக் கூடாது.

"நீ ஒண்ணும் புதுசா செய்ய வேணாம். எப்பவும் ஆடுற மாதிரி ஆடு, போதும்."

"எப்பவும் ஜெயிக்கத்தான் ஆடுறேன், முதலாளி."

மயில்வாகனம் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல பகிடி என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் கிருஷாந்த் சாப்பாட்டைத் தொடவில்லை. ஷாமிளா கிண்டிக் கேட்டபோது சொன்னான்.

"இத்தன வருஷமும் நானாத்தான் தோத்தேன். ஒருத்தன் சொல்லித் தோக்கல."

"அது வேற ஒரு பெருமையா?" என்றாள் ஷாமிளா. சோற்றுத் தட்டை அவன் பக்கம் தள்ளிவிட்டு, "சரி, அப்ப விடாதீங்க" என்றாள்.

விடவில்லை. அன்றைக்கு அவன் ஆடிய ஆட்டத்தை ஹஸீப் இன்றும் நம்பவில்லை. எதிரணியின் முன்கள வீரன் எங்கே திரும்பினாலும் கிருஷாந்த் அங்கே நின்றான். பந்தை மட்டுமே எடுத்தான், ஒரு காலைக்கூடத் தொடவில்லை. ஆட்டம் முடியும் நேரத்தில் கோலுக்குள் போகவிருந்த பந்தை முகத்தால் தடுத்தான். மூக்கு உடைந்தது. இரு அணியும் கோல் போடவில்லை. கோல்டன் ரப்பர் தப்பியது. அவன் காலடி வைத்தும் இறங்காத, கலையாத முதல் கழகம் அதுதான்.

மயில்வாகனம் அணியோடு நின்று படத்துக்குச் சிரித்தார். மறுநாள், சீமெந்து இறக்க வேறு ஆள் பார்த்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். மூட்டை இறக்கும் வேலையோடு கழகத்து இடமும் போயிற்று. சீமெந்து வியாபாரம் எப்படியும் மயில்வாகனத்துக்கே கிடைத்தது. அந்தப் பெரிய ஆளுக்குத் தன் கழகம் அன்றைக்கு ஆடியதே தெரியாதாம்.

கிருஷாந்த் இப்போது கித்துல்கலயில், ஆற்றில் படகு விடும் இடமொன்றில் உல்லாசப் பயணிகளுக்கு மிதவைச் சட்டை மாட்டிவிடுகிறான். வளைந்த மூக்கோடு படம் எடுத்துக்கொள்ள வெள்ளைக்காரர்களுக்கு ஆசை.

போன தேர்தலுக்கு முன்னால் தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் தோட்டத்துக்கு வந்து அவனுக்குப் பாராட்டு விழா வைத்தார். பொன்னாடை போர்த்தி, இந்த மலையகத்து மைந்தன் எதிரிகளின் வலைக்குள் அடித்த எண்ணற்ற கோல்களைப் பற்றி நெடுநேரம் பேசினார். ஷாமிளா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒலிவாங்கியைக் கிருஷாந்திடம் நீட்டினார்கள்.

"நான் பெக்குங்க, பின்னால நிக்கிறவன். ஒரு கோலும் அடிச்சதில்லைங்க" என்றான்.

தலைவர் ஒலிவாங்கியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"பாத்தீங்களா தன்னடக்கத்த," என்றார்.

சனம் கைதட்டியது.