ஸ்டானிஸ்லாஸின் படிக்கும் பெட்டி

ஸ்டானிஸ்லாஸ் ஒரு புத்தகத்தையும் முழுதாகப் படித்ததில்லை. புத்தகங்களின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச அதுவே போதுமான தகுதி என்று நினைத்தவன். மலேசியாவின் ஈப்போ நகரில் அலுவலக இயந்திரங்கள் விற்றான். சட்டைப் பையில் மூன்று பேனா இருக்கும், ஒன்றுகூட எழுதாது.

எண்பத்து நான்கில், யாரோ கழித்துப்போட்ட பெட்டி ஒன்று அவனிடம் வந்தது. பக்கங்களைப் படமெடுத்த சுருளை உள்ளே மாட்டி, விளக்கைப் போட்டு, கைப்பிடியைச் சுற்றினால் திரையில் எழுத்து தெரியும். வெளிநாட்டு நூலகங்களில் இதன் முன்னால் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விருப்பப்பட்டு வந்தவர்களாகத் தெரியவில்லை. "இனிமே காகிதமே கிடையாது" என்று இவன் ஊரெல்லாம் சொன்னான்.

ஆயர் தாவார் பக்கம், ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த தோட்டம் ஒன்றில் அவன் அப்பா கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். அங்கேதான் ஆரம்பித்தான். அங்கே தொழிலாளர் குடியிருந்த ஆறு வீட்டு லயத்தில் முதல் வீட்டு இருளாயி அக்கா பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து ஆறு கட்டாகத் தைப்பார். முதல் கட்டைத் தான் படித்ததும் இரண்டாம் வீட்டுக்குத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுப்பார். இப்படியே ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுகள் ஆறு வீடும் போகும். அக்கா கடைசிக் கட்டில் இருக்கும்போது ஆறாம் வீட்டு மங்களத்தக்கா முதல் கட்டில் இருப்பார்.

அந்த வாரம் பார்த்து வந்தான். "படமெடுத்துட்டுத் தந்துடுறேன்" என்று முதல் வீட்டில் தொடங்கி வீடு வீடாகக் கேட்டான். கடைசிக் கட்டைப் பாதியில் விட மனமில்லாமல் இருளாயி அக்கா அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். மற்ற ஐந்தையும், வாங்கிய வரிசையிலேயே, ஒரு வரியும் படிக்காமல் படமெடுத்தான். காகிதத்தைப் பழைய பேப்பர் லாரியில் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மண்டபத்தில் பெட்டியைப் போட்டான். முதல் பக்கத்திலேயே கதாநாயகனுக்குக் கருமாதி.

"கல்யாணமே இன்னும் ஆவலயே, அதுக்குள்ள செத்துட்டானா?" என்றார் மங்களத்தக்கா.

"கொஞ்சம் பொறுங்கக்கா, போகப் போக நல்லா இருக்கும்."

சுற்றினான்.

"ஐயோ, செத்தவன் எழுந்து பொண்ணு பாக்கப் போறான்!"

சிரிப்பு அடங்கவில்லை. "திருப்பாதீங்கண்ணே, நான் இன்னும் முடிக்கல" என்றது ஒரு குரல். "எவ்ளோ நேரம்லா, திருப்புங்க" என்றது இன்னொன்று.

"நான் புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே படிக்கிறவ. இந்தப் பெட்டிய எந்த மடியில வைக்கிறது?" என்றார் மங்களத்தக்கா.

"எதிர்காலத்துல எல்லாம் இப்படித்தான்க்கா."

"இருக்கட்டும். இப்ப எங்க பேப்பரக் குடுங்க. முடிவு எங்க?"

தோட்டத்து ஜெனரேட்டர் நின்றது. எதிர்காலம் இருண்டது.

கதையில் மிஞ்சிய காகிதம் இருளாயி அக்கா உட்கார்ந்திருந்த கட்டு மட்டும்தான். பெண்கள் எல்லாரும் அங்கே போனார்கள். அவனும் பின்னாலேயே வந்தான்.

"அதக் குடுங்கக்கா, படமெடுத்தா கதை முழுசாயிடும்."

"மத்ததையும் இப்படித்தான் கேட்ட தம்பி. ஆறு வீடும் படிக்கட்டும். நீ ஏழாவதா நில்லு."

தோட்டத்து ஜனங்களுக்கு எதிர்காலம் புரியவில்லை என்று ஈப்போவில் சொல்லிக்கொண்டு திரிந்தான். தலையணைக்குக் கீழே வைக்கிற பெட்டி ஒருநாள் வரலாம், வரட்டும். செய்கிறவன் முதலில் ஒரு கதையையாவது கடைசிவரை படித்திருந்தால் போதும்.

கட்டு மங்களத்தக்கா வீடுவரை போனது. ஏழாவது ஆளுக்கு அவர் தரவேயில்லை.