ஏழு டம்ளர் வெள்ளம்

என் மைனி, அண்ணன் பெண்டாட்டி ஞானசெல்வி, கல்யாணத்துக்கு முந்தின வாரம்வரை விடியும் முன் முந்நூறு ரப்பர் மரம் பால் வெட்டினவள். குலசேகரத்துக்கு மேலே, ஏறி இறங்கும் தோட்டத்தில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடிய கால் அவளுக்கு. அப்படிப்பட்ட ஒருத்தியைப் பத்துக்குப் பத்து அறையில் நாற்பத்தொரு நாள் அடைத்து வைக்கலாம் என்று உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தோன்றும். அது என் அம்மை.

அம்மையைச் சும்மா சொல்லக்கூடாது. என்னையும்தான் அடைத்தாள். ஹாலுக்கு அந்தப் பக்கம் மைனி, இந்தப் பக்கம் நான், நடுவில் மாதா சொரூபம்.

குற்றம் முழுக்க அண்ணன் சிஜோவுடையது. கல்ஃபில் வேலை பார்க்கும் அவனுக்கு என் கல்யாணத்துக்காக ஒரு மாதம் லீவு கிடைத்தது. அந்த ஒரு மாதத்தில் எங்கள் வீட்டில் நடந்ததற்கெல்லாம் பத்தாம் மாதம் பதில் வந்தது. முதல் பேறு அம்மை வீட்டில், இரண்டாம் பேறு மாப்பிள்ளை வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆகவே பத்தொன்பது வயதில் முதல் பிள்ளை பெற்ற நானும், மூத்தவள் ஜின்சிக்கு அடுத்து இரண்டாம் பிள்ளை பெற்ற மைனியும் புதுக்கடையில் எங்கள் வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே வந்து விழுந்தோம். எனக்கு ஆண். மூன்று நாள் கழித்து அவளுக்குப் பெண்.

அங்கேதான் வந்தது வில்லங்கம்.

"ரெண்டு பால்காரிய நாப்பத்தொண்ணு கழியுமுன்ன முகத்துக்கு முகம் பாக்கப்பிடாது. பாத்தா ஒருத்திக்க பால் மத்தவளுக்கு மாறிரும்," என்றாள் அம்மை.

"இது பைபிள்ல எந்த அதிகாரம்மா?"

"வாய அடைட்டி. எங்க அம்மை சொன்னது."

இரண்டு கதவும் சாத்தப்பட்டன. சன்னலும்தான். காற்று பட்டால் சன்னி வருமாம், காதில் பஞ்சு. போனைப் பார்த்தால் கண் கெடுமாம், போன் அம்மையின் மடியில். காலை ஒன்பதுக்கு எனக்குக் குளி, பத்துக்கு மைனிக்கு. குளிப்பாட்ட வருவது செல்லக்கனியக்கா. இலை போட்டு வெந்த தண்ணீரைச் செம்பில் கோரி அடிவயிற்றில் ஓங்கி அடிப்பாள். போலீஸ்காரன்கூட அப்படி அடிக்க மாட்டான். அதன்பிறகு வேட்டி கிழித்து வயிற்றைக் கட்டி, ஒரு உருண்டை லேகியத்தை வாயில் தள்ளி, கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். பிறகு அடுத்த நாள் ஒன்பது மணிவரை சுவரும் நானும் பிள்ளையும். சுவரில் பழைய காலண்டர் ஒன்று தொங்கியது. அதில் ஒரு மாதம்தான் இருந்தது. அதைப் பலமுறை வாசித்தேன்.

எல்லாவற்றையும்விடக் கொடியது தண்ணீர்க் கட்டு. எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். பெயரில் மட்டும்தான் வெள்ளம். பெற்றவளுக்கு ஒரு நாளைக்கு மூன்று முறை, அரை டம்ளர் சீரகவெள்ளம், அவ்வளவே. "பச்ச உடம்பு. வெள்ளம் குடிச்சா வயறு சாடித் தொங்கும்" என்பது அம்மையின் சட்டம். அவளும் அப்படிக் கிடந்துதான் எங்களைப் பெற்று எழுந்தாளாம். ஆனால் சட்டம் எனக்கும் மைனிக்கும் ஒரேபோல் இருக்கவில்லை என்பதைப் பிந்தித்தான் கண்டுகொண்டேன். நான் "நாக்கு ஒட்டுதும்மா, சாவப்போறேன்" என்று ஊரைக் கூட்டினால் அரை டம்ளர் முழு டம்ளராகும், சில நாள் கஞ்சித் தண்ணீரும் வரும். மைனி கத்த மாட்டாள். இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருடமாகிறது. மறு சோறு வேண்டுமென்றுகூட வாய் திறந்து கேட்டதில்லை.

அதற்காக அவளை அப்பாவி என்று நினைத்தால் தோற்றுப்போவீர்கள். அவள் புதுப்பெண்ணாக வந்த மறுநாள், நான் அவளுடைய காப்பியில் உப்பைப் போட்டேன். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, "கொள்ளாம், நல்லாருக்கு" என்றாள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து கழற்றிப்போட்ட என் செருப்பு மறுநாள் காலையில் தரையைவிட்டு வரவில்லை. கொல்லையில் நின்ற ரப்பர் மரத்தின் பாலை ஊற்றி ஒட்டிவைத்திருந்தாள். "செருப்புக்கு இந்த வீடு பிடிச்சிப்போச்சி போல" என்றாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். அன்றைக்கு முடிவு செய்தேன், இவள் என் ஆள் என்று.

ஆகவே கதவு சாத்தினால் நாங்கள் பேசாமல் இருந்துவிடுவோமா? பெற்ற பிள்ளையிடம் பேச யாரும் தடை போட முடியாது அல்லவா. நான் மடியில் கிடப்பவனிடம் சத்தமாகக் கேட்பேன்.

"ஏலே மக்கா, உனக்க மாமிக்கு இன்னைக்கி என்ன கறின்னு கேளு."

எதிர்க் கதவுக்குள்ளிருந்து மைனி தன் மகளிடம் சொல்வாள். "பூண்டுக் கொழம்புன்னு உனக்க அத்தைக்குச் சொல்லு மக்ளே. நேத்தும் பூண்டு, நாளைக்கும் பூண்டு. இனி என்னையப் பிழிஞ்சாலும் பூண்டுதான் வரும்."

"ரெண்டும் பிள்ளைகிட்ட என்ன பாசமாப் பேசுதுவோ!" என்று அம்மை அடுக்களையில் நின்று பூரிப்பாள்.

என் உயிரைக் காத்ததும் அந்தப் பேச்சுதான். முதல் வாரம் மார்பு வெடித்துப் புண்ணாகி, பிள்ளை வாய் வைத்தாலே நான் பல்லைக் கடித்து அழுதேன். அம்மையிடம் சொல்ல வெட்கம். மைனிக்கு அழுகைச் சத்தம் கேட்டிருக்கிறது. "மக்ளே, நீ பாதி வாய் தொறந்து சப்பினா அம்மைக்குப் புண்ணாவும், பாத்தியா. ஆன்னு வாய நல்லாத் தொறக்கணும், பொறவுதான் அம்மை உன்னைய அணைக்கணும்" என்று தன் பிள்ளைக்குப் பாடம் நடத்தினாள். நான் இந்தப் பக்கம் இருந்து அதைச் செய்தேன். இரண்டு நாளில் புண் ஆறியது. பதினொன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஒழுங்காகக் கவனித்த ஒரே பாடம் அதுதான்.

இனி நான் செய்த பாவம். மைனிக்கு ஆறாம் நாள். அம்மை சந்தைக்குப் போயிருந்தாள். நான் லேகியத்தை முன்பல் நாலிலும் அப்பிக்கொண்டு கதவைத் திறந்து, ஹாலைக் கடந்து, மைனியின் கதவைத் தள்ளி, பொக்கைவாய்க் கிழவிபோல் ஒரு இளிப்பு இளித்தேன். மைனி பதறித் திரும்பி, பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போட்டி சவமே, தையல் பிரியும்" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அரை நிமிடம் இருக்குமோ என்னவோ. ஓடி வந்துவிட்டேன்.

எட்டாம் நாள் மைனிக்குப் பால் குறைந்தது.

எனக்கோ ஏறிக்கொண்டே போனது. நைட்டி நனைந்து, விரிப்பு நனைந்தது. எதிர் அறையில் பிள்ளை வீறிட்டால் என் மார்பில் பால் ஒழுகும். அம்மை சொன்னதை நம்பாதவள்தான் நான். என்றாலும் ஆறாம் நாள், எட்டாம் நாள் என்று விரல்விட்டு எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பத்தாம் நாள் புதன்கிழமை நர்ஸ் வந்து இரண்டு பிள்ளைகளையும் துணித்தொட்டியில் போட்டுத் தராசில் தூக்கினார். என்னுடையவன் கூடியிருந்தான். மைனியின் பிள்ளை பிறந்தபோது இரண்டு கிலோ எண்ணூறு, இப்போது இரண்டரை.

"அடிக்கடி பால் குடுக்கணும். அம்மா நெறய தண்ணி குடிக்கணும், மூணு லிட்டராவது. சனிக்கிழமை வருவேன். எடை கூடலன்னா பெரிய ஆஸ்பத்திரியில சேத்துரணும்," என்றார் நர்ஸ்.

"சரி சிஸ்டர்" என்றாள் அம்மை. நர்ஸ் கேட்டைத் தாண்டியதும், "கல்யாணம் கழியாத பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்றாள். அன்றைக்கும் அரை டம்ளர்தான்.

"அம்மா, பிள்ளைய இஞ்ச தா, நான் குடுக்கேன். எனக்குத்தான் ஒழுகுதே" என்றேன்.

"அய்யோ! அப்பொ மிச்சம் உள்ளதும் உனக்கு மாறிரும்."

அன்று மத்தியானம் எதிர் அறையிலிருந்து மைனியின் குரல் கரகரத்து வந்தது.

"மக்ளே, இலை உதுத்து, மண்ணு காஞ்சி நிக்கப்ப மரத்த வெட்டினா பால் வருமாட்டி? எனக்க அப்பா வெட்ட விடமாட்டாவ. வேருக்கு வெள்ளம் எறங்கணும்பாவ. உனக்க அம்மைக்கு நாக்கு அண்ணாக்குல ஒட்டிக்கிடக்கு. ஆருட்ட சொல்ல?"

அவள் என்னிடம் எதையும் கேட்டது அதுவே முதல் தடவை.

நான் அன்று எனக்குக் கிடைத்த சீரகவெள்ளத்தை ஒரு சொம்பில் சேர்த்துவைத்து, ஜின்சியின் கையில் கொடுத்து அனுப்பினேன். நாலு வயது. ஹாலில் பாதியைக் கொட்டி, வழுக்கி விழுந்து, "அத்தைதான் தந்து விட்டா" என்று அழுதே காட்டிக்கொடுத்தது. அம்மை சொம்பைப் பிடுங்கினாள். அதோடு எனக்கும் அரை டம்ளர் ஆயிற்று. சனிக்கிழமைக்கு இடையில் இரண்டு நாள் இருந்தது. அம்மையிடம் நர்ஸ் சொல் எடுபடாது, என் சொல்லும் எடுபடாது. அவளுடைய அம்மை சொன்னதுபோல் ஒன்று வேண்டும். அது என்னிடம் இல்லை. இல்லாததை உண்டாக்குவதில்தான் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

வியாழக்கிழமை குளி முடிந்து செல்லக்கனியக்கா என் வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். அம்மை பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, ஒரு காரியம் சொல்லணும். ஆறாம் நாளே நான் மைனிக்க முகத்தப் பாத்துட்டேன்."

அம்மையின் கையிலிருந்த லேகியக் கிண்ணம் கீழே விழுந்து உருண்டது.

"பாவி மட்ட! சும்மாயிருக்க மாட்டியா நீ? அந்தப் பச்சப்பிள்ளைக்க பால உறிஞ்சிட்டு நிக்கியே! எனக்க மாதாவே, நான் என்ன செய்வேன்?" முதுகில் இரண்டு போட்டாள். வலித்தது. பொய்யாக வாங்கிய அடி இல்லை அது. எனக்குக் கிடைக்கவேண்டியதுதான் என்று எனக்கே தோன்றியது. அழுகை வந்தது. நடிக்கலாமென்றிருந்த அழுகை நடிக்காமலே வந்தது.

அழுதுகொண்டே சொன்னேன். "செல்லக்கனியக்கா, முகம் பாத்துட்டா அதுக்கொரு பரிகாரம் உண்டும்னு சொன்னியள்லா? ஒரே பாத்திரத்துல வெள்ளம் குடிக்கணும்னு?"

செல்லக்கனியக்கா அப்படி எதுவும் சொன்னதில்லை. கட்டிய துணியின் நுனியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். பத்து மணிக்கு மைனியைக் குளிப்பாட்டுகிறவள் அவள். காய்ந்த அந்த உதட்டைத் தினமும் பார்க்கிறவள். நுனியை இழுத்து, எனக்கு மூச்சு முட்ட முடிச்சுப் போட்டாள்.

"உண்டும்," என்றாள். "எனக்கும் மறந்துபோச்சி. ஒரே சருவத்துல வெள்ளம் காச்சி ஆத்தி, ரெண்டுபேரும் முகத்துக்கு முகம் இருந்து குடிக்கணும். ஏழு டம்ளர்."

"ஏழா?" என்றோம் அம்மையும் நானும். நான் மனதில் வைத்திருந்தது மூன்று.

"ஆளுக்கு ஏழு. தெனமும். போன பால் திரும்புறவரைக்கும்."

"வயறு சாடாதா செல்லக்கனி?"

"வயத்த நான் கெட்டித் தாறேன். பிள்ளைய ஆரு தருவா?"

அம்மை அடுக்களைக்குப் போனாள். பெரிய சருவத்தை அடுப்பில் ஏற்றும் சத்தம் கேட்டது.

ஹாலில், மாதாவின் முன்னால், பாய் விரித்து எங்களை எதிரெதிரே உட்காரவைத்தாள். ஆறாம் நாள் நான் மைனியின் முகத்தைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை. பார்த்தது என் கூத்தை அவள் ரசிக்கிறாளா என்பதை மட்டும்தான். இப்போது பார்த்தேன். உதடு வெடித்துக் கறுத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. மடியில் பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் முனகியது.

முதல் டம்ளரை மைனி இரண்டு கையாலும் பிடித்து ஒரே மூச்சில் குடித்தாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் நிறுத்தி, கண்ணை மூடி, தொண்டைக்குள் அது இறங்குவதைக் கேட்பதுபோல் இருந்தாள். எனக்கு நாலாவதிலேயே வயிறு குடமாகிவிட்டது. அம்மை எழுந்துபோன நேரம் பார்த்து என்னுடைய மிச்சத்தையும் அவள் எடுத்துக் குடித்தாள்.

முகத்துக்கு முகம் இருந்தும், பழக்கதோஷத்தில், பிள்ளையிடம்தான் பேசினாள்.

"மக்ளே, உனக்க அத்தைக்கு முதுகு வலிக்குதான்னு கேளு. எனக்குக் கேட்டுது, ரெண்டு அடி."

"இல்லன்னு சொல்லு" என்றேன் என் மகனிடம். "உனக்க மாமிக்கப் பால நாந்தான் கெடுத்தேனான்னு எனக்கொரு சந்தேகம் கெடக்கு, அதையும் கேட்டுச் சொல்லுல."

மைனி தலையை நிமிர்த்தி, பிள்ளையை விட்டுவிட்டு நேராக என்னிடமே பேசினாள். "போட்டி கிறுக்கி. அந்த ஒரு நாள்தான் இந்த ரூமுக்குள்ள நான் சிரிச்சது."

சனிக்கிழமை நர்ஸ் வந்தார். தராசின் முள் ஆடி நிற்கும்வரை அம்மை செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கிலோ அறுநூறு.

"கூடியிருக்கு. ஆஸ்பத்திரி இப்ப வேண்டாம். என்ன செஞ்சீங்க?" என்றார் நர்ஸ்.

"ஒரு பரிகாரம் செய்தோம் சிஸ்டர்," என்றாள் அம்மை, குரலைத் தாழ்த்தி. "ஏழு டம்ளர் வெள்ளம்."

நர்ஸ் அம்மையைப் பார்த்தார், கதவிடுக்கில் நின்ற என்னைப் பார்த்தார். "நல்ல பரிகாரம். பத்தாக்குங்க."

"அது செல்லக்கனிட்ட கேக்கணும்," என்றாள் அம்மை.

இன்றும் அடைப்பு அடைப்புதான். சன்னல் திறக்கவில்லை, காதில் பஞ்சு, சுவரில் அதே காலண்டர். பால் முழுதாய்த் திரும்பும்வரை என்னை நம்பமுடியாது என்று அம்மை என் கதவுக்கு வெளியே தாழ் போடத் தொடங்கியிருக்கிறாள். குளி போக, ஏழு டம்ளரையும் பங்குவைத்துக் குடிக்க ஒரு நாளைக்கு மூன்று தடவை மட்டும் திறக்கிறாள். நேற்று குடித்து முடித்து எழுந்தபோது, மைனி தோளில் கிடந்த பிள்ளையின் காதில், எனக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"எனக்கு இன்னும் இருவத்தெட்டு நாள் கெடக்கு. அத்தைகிட்டச் சொல்லு மக்ளே, கொஞ்சம் லேகியம் மிச்சம் வைக்கணும்னு."

அம்மை கதவைச் சாத்தினாள். நான் என் அறையில் இருந்த லேகியக் கிண்ணத்தைப் பார்த்தேன். ஒரு பல்லில் அப்பத்தான் இருந்தது. இன்றைய உருண்டையில் பாதியைத் தின்னாமல் வைத்திருக்கிறேன்.